சிங்கப்பூர்ப் புத்தகமும் மட்டக்களப்புப் பிள்ளைகளும்: ஒரு ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பு பற்றி

மட்டக்களப்பு நகரில் சனிக்கிழமை பின்னேரங்களில் நடக்கும் ஒரு ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பைப் பற்றிய மதிப்பீடு இது. இதே வகுப்பு கல்முனையிலும் நடக்கிறது. எட்டாம் ஆண்டுப் பிள்ளைகள் முதல் சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருப்பவர்கள் வரை சேரலாம். ஒரு பிரிவில் 30 பேர், ஒரு தடவைக்கு 2 மணித்தியாலம், மொத்தம் 12 கிழமை. பெயரைப் போடவில்லை. இங்கே சொல்லப்படும் நல்லதும் கெட்டதும், வெளிநாட்டுப் பயிற்சி நூலை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு நடக்கும் எந்த வகுப்புக்கும் பொருந்தும்.

முதலில் நல்லது. ஆசிரியர்கள் நேரத்துக்கு வருகிறார்கள், பிள்ளைகளை அதட்டுவதில்லை. அவர்களின் உச்சரிப்பு தெளிவு. பிழை விட்ட பிள்ளையை மற்றவர்கள் சிரித்தால் உடனே நிறுத்துகிறார்கள். இது சின்ன விசயமில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் பேசாமல் இருப்பதற்கு, தெரியாமை எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் கூச்சமும்.

சிக்கல் நூலில் இருக்கிறது. நல்ல தாள், நல்ல படம், படிப்படியாக ஏறும் பயிற்சி, 24 அலகுகள். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது. பெற்றோர் அதைப் பார்த்தே காசு கட்டுகிறார்கள். ஆனால் ஒரு மொழிப் பயிற்சி நூல், எந்த வீட்டுப் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழும் என்று கணித்துத்தான் எழுதப்படும். இந்த நூல் எதிர்பார்க்கும் பிள்ளையின் அப்பம்மாவும் தாத்தாவும் ஹொக்கியன் பேசினவர்கள். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்துத் தென்கரையில், சியாமென், சுவான்ஜோ, ஜாங்ஜோ பக்கங்களில் இருந்து கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் மணிலாவுக்கும் போனவர்களின் மொழி அது. தாய்வானில் நிறையப் பேரின் வீட்டுமொழியும் அதன் கிளைதான். பிள்ளை இன்று வீட்டில் சீனாவின் அரசமொழியான மாண்டரின் பேசினாலும் ஆங்கிலம் பேசினாலும், ஹொக்கியன் அந்த ஊர் ஆங்கிலத்தின் எலும்புக்குள் இருக்கிறது. நூல் திருத்தப் பார்ப்பது அந்த ஆங்கிலத்தை.

நூலின் முதற்பகுதி முழுக்கச் சொல்லின் கடைசி மெய்யைப் பற்றியது. ஹொக்கியனில் ப், ட், க் போன்ற வல்லின மெய்களில் சொற்கள் முடியும். ஆனால் அங்கே வாய் மூடியபடியே நின்றுவிடும், காற்று வெளியே வராது. அதனால் அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் தொப்பிக்கான சொல்லையும் பூனைக்கான சொல்லையும் முதுகுக்கான சொல்லையும் சொல்லும்போது, கடைசி எழுத்து கேட்பவரின் காதுக்கு எட்டாது. நூல் சொல்லும் மருந்து: ‘கடைசி ஒலியை வெளியே விடு, காற்று கையில் படவேண்டும்.’

தமிழ்ப் பிள்ளையின் நோய் நேரெதிர். வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடிவதில்லை. காடு, நாக்கு, மூச்சு என்று ஓர் உகரம் வந்து தாங்கும். அந்தப் பழக்கத்தில் பிள்ளை கெட்டு (cat), புக்கு (book), கெப்பு (cap) என்று ஆங்கிலச் சொல்லுக்கும் உகரம் போடும். அந்தப் பிள்ளையிடம் ‘கடைசி ஒலியை வெளியே விடு’ என்றால் உகரம் இன்னும் கொழுக்கும். வகுப்பில் நடப்பது அதுதான். 30 பேரும் கையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு ‘கெட்டு! கெட்டு!’ என்று சொல்கிறார்கள். காற்று கையில் படுகிறது, பாடம் முடிந்ததாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

செய்யவேண்டியது வேறு. சொல்லைத் தனியே சொல்லவிடாமல், உயிரெழுத்தில் தொடங்கும் இன்னொரு சொல்லோடு சேர்த்துச் சொல்லவைக்க வேண்டும். ‘கெட் இஸ்’ என்பதை ஒரே மூச்சில் ‘கெட்டிஸ்’ என்று. மெய்யில் முடியும் சொல்லின் மேல் உயிர் ஏறுவது தமிழ்ப் பிள்ளைக்குப் பால்குடிப் பழக்கம். பால் + அப்பம் பாலப்பம் ஆவதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பத்துத் தடவை சேர்த்துச் சொன்ன பிறகு, இரண்டாம் சொல்லை மனதுக்குள் மட்டும் வைத்துக்கொண்டு முதற்சொல்லை மட்டும் வாயால் சொல்லவைத்தால் உகரம் தானாக விழும். அதற்குப் பிறகு மெய்யில் தொடங்கும் சொல்லோடு சேர்க்கலாம். அங்கே உகரம் மறுகா எட்டிப்பார்க்கும், திருத்தலாம். ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் 5 நிமிடம் இதற்குக் கொடுத்தால் போதும்.

இன்னொரு இடம், சொல்லின் தொடக்கத்தில் எஸ் எழுத்தோடு இன்னொரு மெய் சேர்ந்து வருவது. ஹொக்கியனில் கூட்டுமெய்யே இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லின் கடைசியில் வரும் கூட்டுமெய்தான் பெரிய தலையிடி. ‘ஃபாஸ்ட்’ என்பதில் கடைசி எழுத்து கழன்றுவிடும். நூல் கடைசிக் கூட்டுமெய்க்கு 3 அலகு ஒதுக்கி, தொடக்கக் கூட்டுமெய்க்கு அரைப் பக்கம் தருகிறது. எங்கள் பிள்ளைக்கோ ‘இஸ்கூல்’, ‘இஸ்டேசன்’ என்று முன்னால் ஓர் இகரம் முளைக்கும். பாம்பு சீறுவதுபோல ‘ஸ்ஸ்ஸ்’ என்று மூன்று விநாடி நீட்டி, நிறுத்தாமல் மிச்சத்தைச் சேர்க்கச் சொல்லவேண்டும். சீறல் தொடங்கும்போது தாடை அசைந்தால் இகரம் வந்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் இருக்கும் பிள்ளையே அதைப் பார்த்துச் சொல்லலாம்.

வீ எழுத்தும் டபிள்யூவும் தனிக்கதை. ஹொக்கியனிலும் மாண்டரினிலும் டபிள்யூ போன்ற ஒலி உண்டு, வீ இல்லை. ஆகவே நூல் மேற்பல்லைக் கீழுதட்டில் வைக்கச் சொல்லி வீ ஒலியை மட்டும் பழக்குகிறது. தமிழில் வகரம் ஒன்றுதான், அது இரண்டுக்கும் நடுவில் நிற்கும். எங்கள் பிள்ளைக்கு இரண்டையுமே பழக்கவேண்டும். டபிள்யூவுக்கு உதட்டை விசிலடிப்பதுபோலக் குவித்து, பல் எங்கேயும் படாமல். நூலில் அந்தப் பாதி இல்லை. ஆங்கில P எழுத்துக்கும் B எழுத்துக்கும் உள்ள வித்தியாசமும் அதுபோலத்தான். ஹொக்கியனில் சொல்லின் தொடக்கத்தில் மூன்று வகைப் பகர ஒலிகள் உண்டு. அந்தப் பிள்ளையின் காது பிறந்ததிலிருந்து அவற்றைப் பிரித்துக் கேட்கிறது. தமிழில் மூன்றுக்கும் ஒரே எழுத்து. பஸ், பந்து இரண்டும் எழுத்தில் ஒன்றாகத் தொடங்குகின்றன. வாயால் சரியாகச் சொல்லும் பிள்ளைகூட வாசிக்கும்போது பன்றிக்கான சொல்லையும் பெரியது என்பதற்கான சொல்லையும் மாற்றிவிடும். நூலில் இதற்கு ஒரு பயிற்சியும் இல்லை. ஆசிரியர்தான் சேர்க்கவேண்டும், சேர்க்கவில்லை.

கல்முனைப் பிரிவில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சின்ன வயதிலேயே குர்ஆன் ஓதப் போன பிள்ளைகளுக்கு எஃப், ஸெட் ஒலிகள் ஏற்கெனவே நாக்கில் இருக்கின்றன. அவர்களுக்குத் தாளில் வட்டம்போட்டு அந்தப் பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது நேர விரயம். அதே வகுப்பில் ‘ஃபேன்’ என்பதைப் ‘பேன்’ என்று சொல்லும் பிள்ளையும் இருக்கும். இவர்கள் இருவரையும் சோடியாக உட்காரவைத்தால் ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பார். இப்போது ஊர்வாரியாகக் கூட்டம் கூட்டமாக உட்காருகிறார்கள், யாரும் மாற்றுவதில்லை.

இலக்கணப் பகுதிதான் நூலில் ஆகப் பெரியது, எங்கள் பிள்ளைக்கு ஆகக் குறைவாகப் பயன்படுவதும் அதுதான். சீன மொழிகளில் வினை காலத்துக்கு ஏற்ப உருமாறாது. நேற்றுப் போனாலும் நாளைக்குப் போனாலும் வினை அதேதான். நேற்று, நாளை என்ற சொல்லே காலத்தைக் காட்டும். ஆகவே நூல் இறந்தகாலத்துக்கு மட்டும் 5 அலகு செலவிடுகிறது. தமிழ்ப் பிள்ளை போறன், போனன், போவன் என்று பேசிக்கொண்டே வளர்கிறது. காலம் என்ற எண்ணம் அதற்குப் புதிதில்லை. ஒழுங்கில்லாத வினைகளின் பட்டியலை மனப்பாடம் செய்தால் சரி. ஹொக்கியனில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சுட்டுப்பெயர் ஒன்றே. அதற்கும் ஒரு முழு அலகு. எங்களுக்கு அது தேவையே இல்லை.

மறுபக்கம் பாருங்கள். ஹொக்கியனில் ‘உண்டு’ என்பதும் ‘வைத்திருக்கிறேன்’ என்பதும் ஒரே சொல்லில் வரும். ஆகவே ‘எனக்கு இரண்டு தம்பிமார்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்ல அந்தப் பிள்ளை திணறாது. எங்கள் பிள்ளை ‘எனக்கு’ என்று தொடங்கும், வாக்கியம் நடுவழியில் நிற்கும். எனக்குப் பசிக்குது, எனக்குத் தெரியும், எனக்கு விருப்பம், எனக்குக் காய்ச்சல் என்று ‘எனக்கு’ வரும் இப்படியான வாக்கியங்கள் ஆங்கிலத்தில் ‘நான்’ என்று தொடங்கவேண்டும். ‘அவர் ஆசிரியர்’ என்பதில் வினையே இல்லாததால் ஆங்கிலத்திலும் ‘ஹீ ரீச்சர்’ என்று வரும். ஹொக்கியனில் அந்த இடத்தில் இணைக்கும் சொல் ஒன்று உண்டு, ஆகவே நூல் அதை இரண்டு வரியில் கடந்துபோகிறது. இவை இரண்டுக்கும் 4 வகுப்பாவது ஒதுக்கவேண்டும்.

‘பிழையைத் திருத்து’ என்ற பகுதியைத்தான் முற்றாக விடச் சொல்லுவோம். அங்கே கொடுக்கப்பட்டுள்ள பிழை வாக்கியங்கள் சிங்கப்பூர், மலேசியத் தெருப்பேச்சில் வருபவை: ‘இங்கே ஆட்கள் நிறைய’ என்பதைக் ‘கொட்’ (got) போட்டுச் சொல்வது, ‘சாப்பிட்டாச்சு’ என்பதை வினையை மாற்றாமல் பின்னால் ‘ஓல்ரெடி’ சேர்த்துச் சொல்வது. எங்கள் பிள்ளைகள் இந்தப் பிழைகளை விடுவதே இல்லை. இப்போது நூலில் வாசித்து, வாயால் சொல்லி, புதிதாகப் பழகிக்கொள்கிறார்கள்.

நூல் எங்களுக்கு நன்றாகப் பொருந்தும் இடமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. உரையாடல் பகுதிகளில் பெரியவர்களைப் பெயர்சொல்லி அழைப்பதில்லை. சாப்பாட்டுக் கடைக்காரர் அங்கிள், பக்கத்து வீட்டுக்காரர் அன்ரி. சந்தித்தவுடன் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்பது ஹொக்கியன்காரரின் வழக்கம், எங்களுடையதும் அதுவே. பெரியவரிடம் ‘யூ’ என்று சொல்ல இரண்டு பக்கத்துப் பிள்ளைக்கும் நா எழாது. மட்டக்களப்புப் பிள்ளை ஆசிரியரிடம் ‘நீங்க எப்ப வருவீங்க?’ என்று கேட்கவேண்டிய இடத்தில் ‘சேர் வென் கமிங்?’ என்று கேட்பது இலக்கணம் தெரியாததால் மட்டுமில்லை. ‘யூ’ நீயாகக் கேட்கிறது, மரியாதைக் குறைவாகப் படுகிறது. நூல் இதை அழகாகக் கையாள்கிறது: முதலில் உறவுப்பெயர் அல்லது பதவிப்பெயர், பிறகு ஒரு சின்ன இடைவெளி, பிறகு ‘யூ’ உள்ள கேள்வி. ‘சேர், வென் ஆர் யூ கமிங்?’ முன்னால் ‘சேர்’ நிற்பதால் பிள்ளைக்குப் பயமில்லை. லண்டனில் எழுதப்பட்ட நூல்களில் இது கிடைக்காது. 6ஆம், 11ஆம் அலகுகளை முழுதாகச் செய்யுங்கள்.

ஆனால் அதே உரையாடல்களின் களம் எம்.ஆர்.ரி ரயில், அடுக்குமாடிக் குடியிருப்பு, சீனப் புத்தாண்டுச் சிவப்புக் காகித உறை. வாழைச்சேனைப் பிள்ளை அதை நடிக்கும்போது வசனம் மட்டும்தான் வரும், பேச்சு வராது. உதயதேவியில் கொழும்புக்கு ஆசனப்பதிவு, போதனா வைத்தியசாலையில் வெளிநாட்டு வைத்தியரிடம் அம்மாவின் வருத்தத்தை எடுத்துச் சொல்வது, பாசிக்குடா ஹோட்டலின் வரவேற்பு மேசை, அறுகம்பையில் அலைச்சறுக்கப் பலகை வாடகைக்குக் கொடுப்பது: இந்த மாவட்டங்களில் ஆங்கிலம் உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள் இவை. பொத்துவில் பக்கத்துப் பையன்கள் வகுப்புக்கே போகாமல் சுற்றுலாக்காரரோடு பேசிப்பேசி ஆங்கிலம் பிடித்தது, அங்கே அதற்கு ஒரு வேலை இருந்ததால். 2004 கடற்கோளுக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் வந்தபோதும் அப்படித்தான். ஆங்கிலம் தெரிந்த இளைஞருக்கு வேலை கிடைத்ததைப் பார்த்து ஒரு தலைமுறையே படிக்கப் போனது.

வேகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சிங்கப்பூரில் 1987 முதல் எல்லாப் பாடசாலைகளிலும் ஆங்கிலமே போதனா மொழி. அந்தப் பிள்ளை கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, அதற்கு மேலாக இந்த நூலைச் செய்கிறது. எங்கள் பிள்ளைக்கு ஆங்கிலம் ஒரு பாடம், நாளுக்கு ஒரு பாடவேளை. ஆகவே ஒரு வகுப்பில் 2 அலகு என்ற ஓட்டம் நடவாது. 24இல் 10ஐத் தெரிந்தெடுத்து நிதானமாகச் செய்வதே சரி. வெளிநாட்டு நூல்தான் வேண்டும் என்றால் மலேசியச் சீனத் தொடக்கப்பள்ளிகளுக்கு எழுதப்பட்டது எங்களுக்குக் கிட்ட வரும். அங்கே போதனா மொழி மாண்டரின், ஆங்கிலம் ஒரு பாடம் மட்டும். பினாங்கின் பல வீடுகளில் அந்தப் பிள்ளை பேசுவது ஹொக்கியன், எழுதுவது மாண்டரின். வீட்டில் ‘மறுகா வாறன்’ என்று பேசிவிட்டுக் கொப்பியில் ‘பின்னர் வருகிறேன்’ என்று எழுதும் எங்கள் பிள்ளைக்கு அந்த நிலைமை புரியும். பேச்சுக்கு ஒன்றும் எழுத்துக்கு ஒன்றுமாக வைத்திருக்கும் பிள்ளை ஆங்கிலத்தையும் எழுத்துமொழிப் பெட்டிக்குள்தான் முதலில் போடும். அதனால்தான் ஓ.எல் ஆங்கிலத்தில் ஏ எடுத்த பிள்ளை வங்கிக் கவுண்டரில் வாய் திறக்காது.

இந்த வகுப்பில் கட்டாயம் நிறுத்தவேண்டிய ஒன்று தண்டப்பணம். தமிழில் ஒரு வாக்கியம் பேசினால் 20 ரூபா உண்டியலில் போடவேண்டும். காசு பெரிதில்லை, விளைவு பெரிது. தாய்வானில் 1945க்குப் பிறகு பாடசாலைகளில் மாண்டரின் திணிக்கப்பட்டபோது, வீட்டுமொழியான ஹொக்கியனைப் பேசிய பிள்ளைகளுக்குத் தண்டம் விதித்தார்கள், கழுத்தில் மட்டை தொங்கவிட்டார்கள். மாண்டரின் பரவியது உண்மை. ஆனால் அங்கே நாள் முழுக்க எல்லாப் பாடமும் மாண்டரினில் நடந்தது, பேசாமல் இருக்க வழியில்லை. கிழமைக்கு 2 மணித்தியால வகுப்பில் பேசாமல் இருப்பது மிக லேசு. இங்கே பிள்ளைகள் தண்டத்தைத் தவிர்க்கக் கண்டுபிடித்த வழி அதுதான்: மௌனம். பதிலாக, ஒவ்வொரு உரையாடலுக்கும் முன் 5 நிமிடம் தமிழில் சோடியாகத் திட்டமிட விடுங்கள். என்ன சொல்லப்போகிறோம் என்று முடிவானபிறகு 10 நிமிடம் ஆங்கிலம் மட்டும். சொல்ல வேண்டியது கையில் இருக்கும் பிள்ளை சொல்லைத் தேடும். இல்லாத பிள்ளை நிலத்தைப் பார்க்கும்.

கணக்கையும் பாருங்கள். 120 நிமிடத்தில் பாதியை ஆசிரியர் பேசினால் மிச்சம் 60. ஒவ்வொருவராக எழும்பிப் பேசினால் 30 பேருக்கும் ஆளுக்கு 2 நிமிடம். 15 சோடிகளும் ஒரே நேரத்தில் பேசினால், அரை மணித்தியாலத்தில் ஆளுக்கு 15 நிமிடம் கிடைக்கும். சத்தமாக இருக்கும், பக்கத்துக் கட்டிடக்காரர் முறையிடலாம், ஆனால் மொழி வரும். இப்போது நடப்பது ஒவ்வொருவராக எழும்பிப் பேசுவது. முன்வரிசைப் பிள்ளைகள் பேசுகிறார்கள். பின்வரிசை, குறிப்பாகப் பெண்பிள்ளைகள், தலையாட்டுகிறார்கள். ஆணையும் பெண்ணையும் சோடி சேர்க்கத் தேவையில்லை, பெற்றோர் விரும்பமாட்டார்கள். பெண்பிள்ளைகளுக்குள்ளேயே சோடி போதும்.

வீட்டுவேலைக்கு வாட்ஸ்அப் குரல்பதிவு கேட்கிறார்கள். நல்ல யோசனை, செயல்முறை பிழை. பதிவைப் பொதுக் குழுவில் போடச் சொன்னால் பெண்பிள்ளைகளின் குரல் பையன்களின் போன்களுக்குப் போகிறது என்று வீட்டில் தடுக்கிறார்கள். கூச்சப்படும் பையன்களும் போடுவதில்லை. ஆசிரியருக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். போன் அப்பாவின் கையில் இருக்கும் வீடுகளே அதிகம், ஆகவே இரவு 9 மணிக் கெடுவை மறுநாள் வரை நீட்டுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். திருத்தத்தையும் எழுத்தில் அனுப்பாமல் குரலில் அனுப்பினால், பிள்ளை கேட்டுத் திரும்பச் சொல்லும்.

யார் சேரலாம்? ஒன்பதாம், பத்தாம் ஆண்டுப் பிள்ளை, ஏற்கெனவே எளிய வாக்கியம் வாசிக்கக்கூடியது, கூச்சம் மட்டுமே தடை என்றால் இந்த ஆசிரியர்களின் பொறுமை உதவும், தாராளமாகச் சேருங்கள். சாதாரண தரப் பரீட்சையில் சித்தி பெறுவதுதான் நோக்கம் என்றால் வேண்டாம். அதற்குக் கடந்தகால வினாத்தாளும் எழுத்துப் பயிற்சியும் வேண்டும், இங்கே இரண்டும் இல்லை. எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையை முதலில் வாசிக்கப் பழக்குங்கள், இந்த நூலை அதன் கையில் கொடுக்கவேண்டாம்.

சேர்க்கப் போகும் பெற்றோர் முதல்நாள் மூன்று விசயம் கேட்கலாம். நூலின் எந்த அலகுகளை விடுகிறீர்கள்? ஒரு வகுப்பில் என் பிள்ளை எத்தனை நிமிடம் வாய் திறக்கும்? தமிழ் பேசினால் தண்டமா? முதற்கேள்விக்கு ‘எல்லாம் முடிப்போம்’ என்று பெருமையாகப் பதில் வந்தால், 12 கிழமைக் காசையும் ஒன்றாகக் கட்டாமல் 4 கிழமைக்குக் கட்டிப் பாருங்கள். ஐந்தாம் கிழமைக்கு முதல் பிள்ளை வீட்டில் ‘கெட்டிஸ்’ என்று சேர்த்துச் சொல்லத் தொடங்கியிருந்தால் மிச்சத்தைக் கட்டலாம்.